சொட்டு நீர் கசியாத பூப்பாத்தி

நெல்லை மரக்காலால் அளந்த காலத்துக்கு உங்களை அழைத்துப்போகிறேன், வாருங்கள். அப்போது ஒரு ராஜா இருந்தார். ராஜா இருக்கட்டும், அவருக்கு இந்தக் கதையில் வேலையில்லை. அவருக்குக் குளங்கள் கட்டிக்கொடுத்த சாத்தப்பன் என்ற கொத்தனார்தான் நமக்கு வேண்டும்.

சாத்தப்பன் கட்டிய குளத்தில் சொட்டு நீர் கசியாது. அந்தப் பெருமையில் அவருக்குக் கால் தரையில் பாவாது.

அவர் மனைவி நாச்சி. அவள் பிறந்த வீட்டை ஒரு ஐப்பசி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அம்மா கைப்பட நட்ட மல்லிகையில் மூன்று பதியன்கள் மட்டும் அவளிடம் மிஞ்சின. அவையும் போனால் அந்த மல்லிகை எங்குமே இல்லை. இவர்கள் வீடோ பள்ளத்தில் இருந்தது. மழை பெய்தால் தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

"தரையில வெச்சா அழுகிடும். மேடா ஒரு பாத்தி கட்டிக் குடுங்க" என்றாள் நாச்சி.

சாத்தப்பன் ஆசையாகக் கட்டினார். கடுக்காய் நீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் முழங்கால் உயரச் சுவர் எழுப்பினார். கீழே, தேங்கும் மழைத்தண்ணீருக்கு மேலாக உயர்த்தித் தளமும் போட்டார். மண் கொட்டும் முன் தண்ணீர் நிரப்பி, மூன்று முறை சுற்றி வந்து பார்த்தார். ஒரு சொட்டு கசியவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு வண்டலும் மக்கிய எருவும் நிரப்பி, நாச்சி மூன்று பதியன்களையும் நட்டாள்.

மழை வந்தது. முதல் பதியன் மஞ்சளாகி அழுகியது. வெளித் தண்ணீர் உள்ளே புகுகிறது என்று சாத்தப்பன் சுவருக்கு இன்னொரு பூச்சு பூசினார். இரண்டாவதும் அழுகியது. நாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு பெருச்சாளி தளத்தை ஒட்டிச் சுவரின் அடிமூலையைக் குடைந்து ஓட்டை போட்டிருந்தது. சாத்தப்பன் திட்டிக்கொண்டே அடைத்தார். அது மறுபடி குடைந்தது. கல் வைத்து அடைத்தார். மூன்றாம் முறையும் குடைந்தது. இம்முறை பூச்சுக் கரண்டியோடு எலிப்பொறியும் கொண்டுவந்தார்.

நாச்சி அவர் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க. ஓட்டை திறந்த அன்னிக்கெல்லாம் இலை நிமிருது. நீங்க அடைச்சா துவளுது. நான் பாத்தி கேட்டேன். நீங்க குளம் கட்டியிருக்கீங்க."

சாத்தப்பன் ஓட்டையைக் குனிந்து பார்த்தார். மண்ணுக்குள் தேங்கிக் கெட்ட கறுப்புத் தண்ணீர் அதன் வழியே வடிந்துகொண்டிருந்தது. தன் கெட்டிக்காரத்தனமே இரண்டு செடிகளைக் கொன்றது என்று அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு உளியை எடுத்து, தன் கையாலேயே தளத்தை ஒட்டிச் சுவரின் அடியில் இன்னும் மூன்று துளைகள் போட்டார்.

மிஞ்சிய ஒரு பதியன் பிழைத்தது. பங்குனியில் அரும்பு கட்டியது. முதல் பூக்களைப் பறித்தபோது நாச்சி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

"எனக்கு ஒரு பூ குடு நாச்சி" என்றார் சாத்தப்பன்.

அவர் அதைச் சாமிக்கு வைக்கவில்லை, மனைவி தலையிலும் வைக்கவில்லை. பாத்தியின் அடிமூலைக்குப் போய் உட்கார்ந்து, பெருச்சாளி போட்ட ஓட்டையின் வாயில் வைத்தார்.

"உன்னைக் கொல்ல வந்தேன். நீ எங்க வீட்டு மல்லிகையைக் காப்பாத்திக் குடுத்திருக்க. நல்லா இரு" என்றார்.

நம் பிழையைக் காட்டிக்கொடுப்பவர் யாராக இருந்தாலும், கோபத்தை விழுங்கிக்கொண்டு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.