கரிசல்பட்டிக்குப் போன கட்டுரை

"இதுல ஒரு பிழையைக் காட்டுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. நான் எழுதுறதையே விட்டுடறேன்."

டாக்டர் திரவியம் கையிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்தார்.

முப்பத்துநாலு வருஷம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடு வளர்ப்பவர்களுக்கான ஓர் இணையதளத்தில் எழுதிவந்தார். 'ஆடுகளில் வயிற்று உப்புசம்' என்ற அவருடைய கட்டுரை மூன்று வருஷமாக அதில் இருக்கிறது.

மெஹருன்னிசா அந்தத் தளத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியர். டாக்டரின் மகள் வயதிருக்கும். வந்த மாதமே பழைய கட்டுரைகளைத் திருத்தக் கிளம்பிவிட்டார்.

உப்புசக் கட்டுரை மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை டாக்டர் ஒரு படம் வரைந்து சேர்த்தார். அடுத்த முறை நான்கு நூல்களின் பெயரைச் சேர்த்தார். மூன்றாம் முறை ஒற்றெழுத்துகளைக்கூட விடாமல் சரிபார்த்தார்.

ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் பதிலாக வந்தது. 'இன்னும் ஒரு தடவை பாருங்க டாக்டர்.'

மெஹருன்னிசா தாள்களைப் புரட்டினார்.

"பிழை எதுவும் இல்லை டாக்டர்."

"அப்புறம் ஏன் திருப்பி அனுப்புறீங்க?"

மறுநாள் காலை கரிசல்பட்டிக்கு வர முடியுமா என்று மெஹருன்னிசா கேட்டார். ஒரே ஒரு நிபந்தனை, அங்கே டாக்டர் வாயைத் திறக்கக்கூடாது.

டாக்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எடுத்ததைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவர். முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினார்.

மெஹருன்னிசா அவரை அந்த ஊரில் ஆடு வளர்க்கும் வள்ளிமயில் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவளிடம் பதினோரு வெள்ளாடுகள் இருந்தன. டாக்டரைப் பற்றி மெஹருன்னிசா அவளிடம் அதிகம் சொல்லவில்லை. கூட வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பிறகு தன் போனில் கட்டுரையைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.

"இந்த ஆட்டுக்கு இப்ப வயிறு உப்பிடுச்சுன்னு வச்சுக்குவோம் அக்கா. இதைப் பார்த்து என்ன செய்யணுமோ செய்யுங்க."

வள்ளிமயில் ஒரு கையால் ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் போன். வாய்விட்டுப் படித்தாள்.

"அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது..."

ஆடு இழுத்தது. விரல் பட்டுத் திரை எங்கேயோ ஓடியது. அவள் மறுபடி மேலே போய் முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

நான்கு அறைகளும் முடிந்தன. உப்புசத்தின் இரண்டு வகைகள் வந்தன. 'நொதித்தல்' என்ற சொல்லில் நின்றாள். எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

டாக்டர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். மெஹருன்னிசா அவரைப் பார்த்தார். டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

ஆடு பிடியை உதறிக்கொண்டு தழைக்கட்டுப் பக்கம் ஓடியது. வள்ளிமயில் அதை விரட்டவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன்மா."

போன வருஷம் மாசி மாதம் ஒரு கிடாக்குட்டிக்கு வயிறு வீங்கிப் போயிற்றாம். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லையாம். போனில் தேடியபோது இந்தக் கட்டுரைதான் முதலில் வந்ததாம்.

"குட்டி என்னாச்சு?" என்று கேட்டார் மெஹருன்னிசா.

"பாதி படிக்கையிலேயே விழுந்துடுச்சு."

போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கட்டுரை நல்ல கட்டுரைதாம்மா. விவரம் தெரிஞ்சவங்க எழுதினது. எனக்குத்தான் வெரசாப் படிக்க வராது."

பாதி என்றால் எது என்று டாக்டருக்குத் தெரியும். உப்புசத்தின் காரணங்கள். அதற்கும் கீழே, கடைசிக்கு முந்தின பத்தியில், சமையல் எண்ணெய் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்.

திறந்த கதவு வழியே அவள் அடுப்படி தெரிந்தது. எண்ணெய் பாட்டில் முன்வரிசையிலேயே இருந்தது.



வீட்டுக்கு வந்ததும் டாக்டர் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தார். இரைப்பையின் நான்கு அறைகள் முதலில் போயின. நூல்களின் பெயர்கள் போயின. மூன்று நாள் பாடுபட்டு வரைந்த படத்தை நீக்கும்போது மட்டும் கை தயங்கியது. அதையும் நீக்கினார்.

ஆட்டைப் பிடித்திருப்பதுபோல் ஒரு கையால் நாற்காலியை ஆட்டிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்து, எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தார். தடுக்கிய இடங்களை மாற்றினார். மறுநாளும் அதையே செய்தார். அதற்கு மறுநாளும்.

பதினோராவது தடவை எழுதியதைப் போனில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

மெஹருன்னிசா வாங்கிப் படித்தார்.

'ஆட்டுக்கு இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறதா? படுக்க விடாதீர்கள். முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் வரும்வரை...'

ஒரு திரைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மெஹருன்னிசாவின் முகம் மலர்ந்தது.

"இதுதான் டாக்டர். இப்ப சரியா வந்திருக்கு. இன்னைக்கே போட்டுடலாம்."

டாக்டர் கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நீங்க ஆடு வளர்க்கலையே மேடம்."

சொல்லிவிட்டு, கரிசல்பட்டி பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினார்.