செவலை கேட்ட உதவி

மலைச்சரிவில் ஒரு காட்டுமாட்டுக் குடும்பம் இருந்தது. அப்பா திமிலன். அவன் நடந்து வந்தால் பாறை உருண்டு வருவதுபோல் இருக்கும். யானைகூட அவனுக்குக் கொஞ்சம் ஒதுங்கித்தான் வழிவிடும். அம்மா காரி. மூத்த பெண் மொட்டிக்கு இப்போதுதான் கொம்பு முளைத்திருந்தது. கடைசியாகப் பிறந்தவன் குட்டன்.

குட்டன் பிறந்த கையோடு காரிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போனபோது பாலும் சேர்ந்து வற்றிவிட்டது. குட்டன் மடியை முட்டி முட்டிப் பார்ப்பான். ஒன்றும் வராது. புல் தின்னும் வயதும் இல்லை. அவனுடைய விலா எலும்புகள் வெளியே தெரிய ஆரம்பித்தன.

சரிவுக்குக் கீழே ஒரு சின்னப் பால்பண்ணை. மேயும்போது காரி அடிக்கடி அதைப் பார்ப்பாள். தாயில்லாத ஒரு எருமைக்கன்றுக்கு அங்கிருந்த செவலைப் பசு மடி கொடுத்து நின்றதை ஒருநாள் கண்டாள். அன்றிலிருந்து அவள் மனம் அங்கேயே சுற்றியது.

"பண்ணைக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போமா?" என்றாள் திமிலனிடம்.

திமிலன் மூச்சை ஊதினான். "மனிதன் கட்டிப்போட்ட மாட்டிடம் போய் நான் பால் கேட்பதா? நம் குடும்பத்தில் யாரும் எவரிடமும் போய் நின்றதில்லை."

"பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறானே."

"மழை வரும். புல் துளிர்க்கும். உனக்கும் பால் ஊறும்."

காரிக்கு அவனைத் தெரியும். நேராக முட்டினால் ஓர் அடி நகரமாட்டான். மறுநாள் பேச்சை மாற்றினாள்.

"மொட்டி பண்ணையைப் பார்க்க ஆசைப்படுகிறாள். சும்மா ஒரு நடை போய்விட்டு வருவோம். வேலிக்குள் இருக்கிற மாடுகள் எப்படிப் பிழைக்கின்றன என்று பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்."

"அப்படியென்றால் சரி," என்றான் திமிலன். "அடிமைப் பிழைப்பு எப்படியிருக்கும் என்று பார்க்கட்டும்."

பண்ணைக்காரி மாரக்கா காலைப்பாலைக் கேனில் ஊற்றி, மொபெட்டில் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குக் கிளம்பியதும் நால்வரும் கீழே இறங்கினார்கள்.

செவலை வாயில் அசைபோட்டபடியே வாசலுக்கு வந்தாள். "வாங்க அண்ணா. வாங்க அண்ணி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களே, உள்ளே வாருங்கள்."

சேறும் நாற்றமுமாக இருக்கும் என்றுதான் காரி நினைத்திருந்தாள். தொழுவம் கழுவிவிட்டுப் பளிச்சென்று இருந்தது. கழுவிய தண்ணீர் வாய்க்கால் வழியாகப் புல் தோட்டத்துக்கு ஓடியது. சாணத்தை ஒரு குழியில் விட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் மாரக்கா அடுப்பு எரிக்கிறாள் என்று செவலை சொன்னாள். ஓரத்தில் பல் போன கிழ எருமை ஒன்று படுத்திருந்தது. அதற்கு மட்டும் புல்லைப் பொடிப்பொடியாக நறுக்கித் தொட்டியில் வைத்திருந்தார்கள். அது பால் கறந்து பல வருஷம் ஆகிறதாம். காரி அந்தத் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாலை எல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்டால் உங்கள் கன்று என்ன செய்யும், அத்தை?" என்று கேட்டாள் மொட்டி.

"முதல் வாய் கன்றுக்கு. கடைசியில் மடியில் விடுவதும் கன்றுக்கு. அதில் கை வைத்தால் நான் பாலை மறைத்துக்கொள்வேன். மாரக்காவுக்கும் அது தெரியும். ஒருநாளும் கை வைத்ததில்லை."

"அந்தக் கயிறு எதற்கு?" என்று தூணைக் காட்டினான் திமிலன்.

"ராத்திரியில் கட்டத்தான், அண்ணா. எனக்கும் அது பிடிக்காது," என்றாள் செவலை.

இப்படிப் பதில் வரும் என்று திமிலன் எதிர்பார்க்கவில்லை. அடுத்து என்ன குறை சொல்லலாம் என்று அவன் தேடிக்கொண்டிருந்தபோது, குட்டனின் முன்னங்கால்கள் மடங்கின. அப்படியே தரையில் சரிந்தான்.

காரி அவனிடம் ஓடினாள். கேட்டுவிடலாமா? கேட்டால் திமிலன் எல்லோரையும் திருப்பிக் கூட்டிப் போய்விடுவான். கேட்காவிட்டால் பிள்ளை மலையேற மாட்டான். குட்டனின் நெற்றியை நக்கிக்கொடுத்தாள்.

செவலை குட்டனின் விலாவைப் பார்த்தாள். காரியின் வற்றிய மடியைப் பார்த்தாள். நிமிர்ந்து நின்ற திமிலனின் தலையையும் பார்த்தாள்.

"அண்ணா, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும்," என்றாள். "என் கன்று சரியாகக் குடிக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு மடி வலிக்கிறது. உங்கள் பிள்ளையைக் கொஞ்சம் குடிக்கச் சொல்வீர்களா?"

திமிலன் யோசித்தான். "கஷ்டம் என்று கேட்கிறாய். எப்படி மாட்டேன் என்பது? டேய் குட்டா, எழுந்து போய் அத்தைக்கு உதவி செய்."

காரி முகத்தால் தாங்கி அவனை எழுப்பிவிட்டாள். பக்கத்தில் நின்றதால் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. செவலையின் மடி கட்டியிருக்கவில்லை. கறந்த மடிதான், பஞ்சுபோல் தொய்ந்திருந்தது. குட்டனின் வாயோரம் நுரை தள்ளியது. வால் ஆட ஆரம்பித்தது.

அப்போது மாரக்கா திரும்பி வந்துவிட்டாள். வேலிக்குள் காட்டுமாட்டைக் கண்டதும் அப்படியே நின்றாள். திமிலன் கொம்பைத் தாழ்த்தினான். அவள் கத்தவில்லை. கேனை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அங்கிருந்தே மெதுவாகப் பேசினாள். "காலையில கறந்துட்டேனே செவலை. உன் கன்னுக்கு விட்டு வச்சதையா இந்தப் புள்ளைக்குக் குடுக்குற? குடிக்கட்டும், வீடு தேடி வந்த புள்ள. சாயங்காலம் நான் கறக்கல. உன் கன்னு குடிச்சிக்கட்டும்."

திமிலனின் கொம்பு மெல்ல மேலே வந்தது. அவன் செவலையைப் பார்த்தான்.

"அப்படியானால் உனக்கு வலிக்கவில்லையா?"

"வலித்தது அண்ணா," என்றாள் செவலை. "பசித்த கன்றைப் பார்த்தால் யாருக்குத்தான் வலிக்காது?"

குட்டன் வயிறு நிரம்பி, பால் வழியும் வாயோடு வந்து திமிலனின் காலடியில் நின்றான். காரி கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

திமிலன் தொண்டையைக் கனைத்தான். "தங்கச்சி, பிள்ளைக்கு நாளைக்கும் பால் வேண்டும். கூட்டிக்கொண்டு வரலாமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் யாரிடமும் எதுவும் கேட்டுக் காரி பார்த்ததில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இது உங்கள் வீடு அண்ணா," என்றாள் செவலை.

குட்டன் புல் கடிக்கப் பழகும்வரை அவர்கள் தினமும் காலையில் கீழே இறங்கி வந்தார்கள். அவர்கள் வரும் நேரத்தில் மாரக்கா தொழுவத்தின் பக்கமே வரமாட்டாள்.

கொடுப்பது நல்ல குணம். வாங்குகிறவர் கூசிப்போகாதபடி கொடுப்பது அதைவிடப் பெரிய குணம்.