முன் சக்கரத்துச் சத்தம்

“மேஸ்திரி, முன் பிரேக் டிஸ்க் ஆடுது” என்றான் சம்பத்து.

“யாரு வண்டி?” என்று கேட்டாள் தவமணி.

“எங்கம்மா வண்டி.”

தவமணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

மேட்டுப்பாளையத்தில், மலைச்சாலை தொடங்குகிற இடத்தில் இருந்தது அவளுடைய பைக் பட்டறை. மலையிலிருந்து இறங்கும் வண்டிகள் பிரேக் கருகிய வாசனையோடு நேராக அங்கேதான் வந்து நிற்கும். வேலை பார்த்த பஞ்சாலையை மூடிய பிறகு சம்பத்து அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்தான். வயதில் அவன் மூத்தவன், அதனால் அவள் அவனை அண்ணா என்பாள். தொழிலில் அவள் பெரியவள், அதனால் அவன் அவளை மேஸ்திரி என்பான். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை ஒன்றும் இல்லை.

அவன் அம்மா லோகநாயகி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வேலையில் இருந்த காலமெல்லாம் மொபெட்டில் பள்ளிக்கூடம் போய்வந்தவர். ஓய்வுபெற்றதும் இரண்டு கை மாறிய ஒரு பெரிய பைக்கை வாங்கி வாசலில் நிறுத்தினார். தெருவே மூக்கில் விரலை வைத்தது. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓட்டிப் பழகிக்கொண்டார். கோத்தகிரியில் இருக்கும் தோழியை இந்த வண்டியிலேயே போய்ப் பார்ப்பது என்றும் முடிவு செய்துவிட்டார். அன்று காலையில்தான் கிளம்புவதாக இருந்தது.

அப்பா போன பிறகு சம்பத்துக்கென்று இருப்பது அம்மா மட்டும்தான். அவர் சந்தைக்குப் போனாலே வழியில் போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பவன் அவன். வண்டியில் ஏதாவது குறை கிடைத்தால் பயணத்தை நிறுத்திவிடலாம் என்று விடிந்ததும் துருவ ஆரம்பித்தான். கிடைத்தது. அதைக் கண்டு பயந்துபோனான் என்பது உண்மை. கொஞ்சம் சந்தோஷப்பட்டான் என்பதும் உண்மை.

அம்மா அசரவில்லை. நீ சொல்லி நான் நிற்கமாட்டேன், உன் மேஸ்திரி சொன்னால் நிற்கிறேன் என்று சொல்லி, வண்டியைப் பட்டறைக்கு மெதுவாகத் தானே ஓட்டி வந்தார். இப்போது ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“டிஸ்க்தான்னு எப்படீங்ணா தெரியும்?” என்று கேட்டாள் தவமணி.

“சத்தம் கேக்குது மேஸ்திரி.”

“சத்தம் காதுக்குக் கேக்கும். எடம் எதுன்னு விரல வெச்சுப் பாருங்க.”

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தாள். டக் என்றது. ஹேண்டில் பாரின் கழுத்தில் விரலை வைக்கச் சொன்னாள். அங்கே அசைவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் வைக்கச் சொன்னாள். அதுவும் அசையவில்லை. கடைசியாக டிஸ்க்கில் வைத்தான். அந்த வண்டியின் டிஸ்க் ஒரே தகடு அல்ல. பிரேக் கவ்வும் வெளிவட்டம் தனி, சக்கரத்தோடு முடுக்கிய உள்வட்டம் தனி. இரண்டையும் வட்டமான பித்தான்கள் சுற்றிலும் சேர்த்துப் பிடித்திருந்தன. இந்த மாதிரி டிஸ்க்கை அவன் இதுவரை தொட்டதில்லை. இரண்டு வட்டமும் சேரும் இடத்தில் அவன் விரலுக்கடியில் டக் என்று ஒரு நகர்வு.

“இங்கதான் மேஸ்திரி. சொன்னனல்ல.”

“ஆமாங்ணா. டிஸ்க்தான் ஆடுது.”

லோகநாயகி டீச்சர் ஹெல்மெட்டின் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“அப்பப் போக வேண்டாம்னு சொல்லீருங்க” என்றான் சம்பத்து.

“ஆடக்கூடாதுன்னா ஆடாமப் பண்ணுங்க. நீங்களே பண்ணுங்க” என்றாள் தவமணி.

அவன் தகர டப்பா ஒன்றை வெட்டிச் சின்னச் சின்னத் துண்டாக்கினான். ஒவ்வொரு பித்தானின் இடுக்கிலும் ஒரு துண்டை வைத்துத் தட்டி இறுக்கினான். பிரேக்கைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். சத்தமே இல்லை. அவன் முகம் தெளிந்தது.

“நிம்மதிங்களா?”

“நிம்மதி மேஸ்திரி.”

“அப்ப ஆத்துப் பாலம் வரைக்கும் ஓட்டீட்டு வாங்க. அங்கங்க பிரேக் புடிங்க. மெதுவாவே போங்க.”

அவன் போய்த் திரும்பி வந்தபோது வண்டி ஏதோ இழுத்துப் பிடித்ததுபோல் வந்தது. தவமணி முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சுழற்றிவிடச் சொன்னாள். சுழற்றினான். உரசிக்கொண்டு அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றுவிட்டது. அவள் குடத்திலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி டிஸ்க்கின் மேல் விட்டாள். சுர்ரென்று ஆவி எழுந்தது.

டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

சம்பத்து அந்த ஆவியையே பார்த்துக்கொண்டு நின்றான். பாலம் வரை போனதற்கே இந்தச் சூடு. இதோடு அம்மா மலையிலிருந்து இறங்கியிருந்தால் என்று நினைத்தான். யாரும் சொல்லாமலே உட்கார்ந்து, சூடு ஆறியதும் தகரத் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தான்.

“வெளிவட்டத்துக்கு நகர எடம் வேணுங்ணா” என்றாள் தவமணி. “அப்பத்தான் பிரேக் புடிக்கறப்ப அது காலிப்பருக்கு நடுவுல வந்து உக்காரும். அந்த டக்கு, அது உக்கார்ற சத்தம்.”

அவன் சக்கரத்தைச் சுழற்றினான். லேசாகச் சுற்றியது. பிரேக்கைப் பிடித்து முன்னால் தள்ளினான். டக். பிடியை விடாமல் இன்னும் பலமாகத் தள்ளினான். சத்தம் இல்லை, அசைவும் இல்லை. வண்டி சுவர்போல நின்றது. வேண்டுமென்றே மறுபடியும் மறுபடியும் தள்ளிப் பார்த்தான்.

தவமணி ஒவ்வொரு பித்தானாக விரலால் நெருடிப் பார்த்தாள். போல்ட்டுகளைச் சோதித்தாள். அதில் அவசரப்படவில்லை. பித்தான் எதுவும் தேயவில்லை, எல்லாம் அளவாகத்தான் இருக்கிறது என்றாள்.

“அப்ப நான் கெளம்பட்டுமா?” என்று கேட்டார் டீச்சர்.

தவமணி சம்பத்தைப் பார்த்தாள்.

“உங்க கைதான் பாத்துச்சு. நீங்களே சொல்லுங்ணா.”

அவன் சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினான்.

“போயிட்டு வாங்கம்மா” என்றான்.

டீச்சர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வர்றேன் சாமி என்று அவன் தோளைத் தட்டிவிட்டு ஏறினார். மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் பிரேக் பிடித்தார். டக் என்ற சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது. பிறகு மலைப்பக்கம் திரும்பி மறைந்தார்.

அன்று காலை முழுக்க சம்பத்து ஒரு செயினையே துடைத்துக்கொண்டிருந்தான். போனை எடுத்தான், வைத்தான். வண்டி ஓட்டுகிறவரை நடுவழியில் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று அவனுக்கே தோன்றியது. தவமணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது. கோத்தகிரியில் தோழி வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னார். ஒரு வளைவில் பஸ் ஒன்று அகலமாகத் திரும்பி எதிரே வந்துவிட்டதாம். பிரேக்கைப் பிடித்தாராம். டக் என்றதாம், அப்படியே நின்றுவிட்டதாம். பஸ் டிரைவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாராம். இதைச் சொல்லிவிட்டு அம்மா சிரித்தார்.

சம்பத்து போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. கண்ணைத் துடைத்தபோது கையிலிருந்த கிரீஸ் முகத்தில் அப்பிக்கொண்டது.

“பஸ்ஸு எதுக்க வந்துச்சாம் மேஸ்திரி. அம்மா புடிச்சாங்களாம். நின்னுருச்சாம்.”

தவமணி அவனிடம் ஒரு பழந்துணியை நீட்டினாள்.

“காலைலருந்து ஆடறதையே கேட்டுட்டு இருந்தீங்க. இப்பத்தானுங்ணா நிக்கறதையும் கேட்டிருக்கீங்க.”