இழுத்துப் பார்க்கிற நேரம்

விரல் உயர ஈயச் சிப்பாய்களுக்குக் கை ஒட்டக் கற்றுக்கொள்ள வந்தபோது தெய்வநாயகத்துக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. கற்றுக்கொடுக்கிற ஜெனிட்டாவுக்கு அவருடைய மூத்த மகள் வயது. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள். யார் சொல்லை யார் கேட்பது என்பதில் மட்டும் குழப்பம் இல்லை.

மேஜைமேல் மலையும் ஆறும் செய்துவைத்து, இருபுறமும் படையை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு அது. சிப்பாய்கள் உடம்பு தனியாக, கை தனியாக, கேடயம் தனியாக வரும். அவற்றை ஒட்டி, வர்ணம் பூசிக் கொடுப்பது பெரம்பூர் மாடியறையில் ஜெனிட்டாவின் தொழில். ஆட்டத்தின் நடுவே ஒரு கை கழன்று விழுந்தால் போதும், அந்த வாடிக்கையாளர் மறுபடி படியேற மாட்டார்.

அதனால் தெய்வநாயகத்துக்குக் கேடயங்கள் மட்டுமே கிடைத்தன.

“கை எப்ப தருவீங்க, டீச்சர்?”

“நீங்க ஒட்டின கை என் இழுப்புக்கு நிக்கிற அன்னிக்கு. அன்னிக்கே ஜன்னலோர மேஜை உங்களுக்கு. ஆர்டரும் உங்க பேர்ல.”

பழக, கோடரிக்காரச் சிப்பாய் ஒருவனைக் கொடுத்தாள். தெய்வநாயகம் தோளையும் கையையும் பிளேடால் சுரண்டினார். உப்புத்தாளில் தேய்த்தார். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தார். இரண்டு குழாய்ப் பசையைச் சமமாகப் பிதுக்கிக் குழைத்து, குண்டூசி முனையால் தொட்டு வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

சாயந்திரம் ஜெனிட்டா இரண்டு விரலால் இழுத்தாள். கை கழன்று வந்துவிட்டது.

“ஒரு ராத்திரி காய விடணும்னு பசை அட்டையில போட்டிருக்கே, டீச்சர்.”

“அட்டையா வந்து ஒட்டப்போகுது?”

அவர் மறுநாளும் ஒட்டினார். மறுநாளும் சாயந்திரம் கை வந்தது. சில நாள் அவளே மறந்துபோவாள் என்று நினைத்துப் பையை மாட்டிக்கொள்வார். “கோடரிக்காரன் எங்க, சார்?” என்று குரல் வரும்.

வீட்டில் மனைவி சாந்தலட்சுமி, “பொம்மைக்குக் கை வந்துச்சா?” என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. நடுராத்திரியில் விழித்து, தன் விரல்களைத் தூக்கிப் பார்ப்பார். கோளாறு இவற்றில்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தார். இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் ஓடி வந்தார். பைக்கில் போகும்போது பெட்டி விழுந்து, ஜெனிட்டா செய்த குதிரைவீரன்மேல் பஸ் சக்கரம் ஏறியிருந்தது. குதிரை தட்டையாகிவிட்டது. வீரனின் தோள் பிளந்துவிட்டது. அந்தப் பிளவுக்குள் மெல்லிய கம்பி ஒன்று மின்னியது. ஒரு முனை தோளுக்குள், மறுமுனை கைக்குள்.

ஜெனிட்டா அதை வாங்கிச் சட்டென்று இழுப்பறையில் போட்டாள். கம்பியைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

மறுநாள் அவள் டீ குடிக்கப் போனபோது தெய்வநாயகம் அவளுடைய நுண் துளைப்பானை எடுத்தார். கோடரிக்காரனின் தோளில் ஒரு துளை, கையில் ஒரு துளை. ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, அரிசி நீளம் நறுக்கித் தோளுக்குள் இறுக்கமாகச் செருகினார். பிறகு பசை வைத்து, மறுமுனையில் கையை இறுக்கி அழுத்தினார்.

சாயந்திரம் ஜெனிட்டா இழுத்தாள். வரவில்லை. திருகினாள். வரவில்லை.

விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தாள்.

“கம்பியா?”

“ஆமா, டீச்சர்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஜன்னலோர மேஜையில் இருந்த புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். துணியால் மேஜையைத் துடைத்தாள்.

“உக்காருங்க, சார்.”

உட்கார்ந்தார். ஆசைப்பட்ட இடம்தான். ஆனால் முதுகு நாற்காலியில் சாயவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“கம்பி இல்லாம இத்தனை நாள் ஒட்டினேனே. மறுநாள் காலையில இழுத்திருந்தா நின்னிருக்குமா?”

“நின்னிருக்கும்.”

“எல்லாமுமா?”

“முதல் வாரத்துலயே நின்னிருக்கும். சுத்தமான கை உங்களுக்கு. அன்னிக்கே தெரியும் எனக்கு.”

தெய்வநாயகம் தண்ணீர் எடுத்துக் குடித்தார். கீழே தெருவில் யாரோ ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தெரிஞ்சுமா சாயந்திரம் சாயந்திரம் இழுத்தீங்க?”

“எனக்குச் சொல்லிக்கொடுத்த பெர்னார்டு சாரும் சாயந்திரம்தான் இழுப்பார்.”

“கம்பியை அவர் காட்டலையா?”

“இல்லை. நானாத்தான் கண்டுபிடிச்சேன். உங்களைவிட ரொம்ப லேட்டா.”

அவர் கோடரிக்காரனைக் கையில் எடுத்தார். கை உறுதியாக நின்றது. கீழே வைத்துவிட்டார்.

“நாளைக்கு எங்கிட்ட யாராவது கத்துக்க வந்தா, அவங்களுக்கு இப்படிச் செய்யமாட்டேன், டீச்சர். ஒருநாளும் மாட்டேன்.”

ஜெனிட்டா விளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இதையேதான் சார், நானும் பெர்னார்டு சார்கிட்ட சொன்னேன்.”