வாசிக்காமல் விட்ட மூன்றாம் ஓலை

புதன்கிழமை ஜெயசீலிக்குக் கல்யாணம். கோவில் வழக்கப்படி அதற்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை ஊர் முன் அறிவிக்க வேண்டும்; ஓலை வாசிப்பது என்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது ஞாயிறு பங்குச்சாமி இஞ்ஞாசி பக்கத்து ஊருக்குப் பூசை வைக்கப் போய்விட்டார். இங்கே வழிபாட்டை நடத்தியவர் திருத்தொண்டர் கஸ்பார். அவர் குருப்பட்டம் பெற்றுச் சாமியாராக இன்னும் பத்தே நாள்.

கஸ்பார் இன்னொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். ஜெயசீலி பெயரை விட்டுவிட்டார். மறதியால் அல்ல.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஜனங்கள் கோவில் வாசலைத் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். தெரியாத விஷயத்தில்தான் நம் ஆட்களுக்கு எத்தனை தெளிவு.

இஞ்ஞாசி சாமி திரும்பி வந்தபோது சாமியார் வீட்டு வாசலில் ஜெயசீலியின் அம்மா மிக்கேலம்மாள் நின்றிருந்தாள்.

“எம்மவ பேரு மட்டும் ஏன் சாமி விட்டுப்போச்சு? மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணிட்டாவ. கல்யாணமே வேண்டாங்காவ.”

சாமி உள்ளே போனார். போன வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

“ஏன் வாசிக்கல?”

கஸ்பாருக்கும் கோபம்தான். கடமையைச் செய்த தன்னையே கேள்வி கேட்கிறாரே என்ற கோபம். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“நேத்து கதவடியில கிடந்தது சாமி. அந்தப் பொண்ணு திருப்பூர்ல வேலை பார்த்தப்ப ஒருத்தனோட ரெண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கு.”

“கையெழுத்து?”

“இல்ல. மொட்டைக் கடுதாசி.”

“அவகிட்ட கேட்டியா?”

“கேக்க என்ன சாமி இருக்கு? கோவிலுக்குன்னு ஒரு ஒழுங்கு வேண்டாமா?”

“கேட்டியா?”

“கேக்கல.”

“எழுதினவனுக்குக் கையெழுத்துப் போடத் தைரியமில்ல. அவனுக்காக நீ போட்டுக் குடுத்திருக்க. பீடத்துல நின்னு, ஊர் முன்னால.”

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

“உண்மையா இருந்தா?”

சாமி பீரோவைத் திறந்தார். அடியில் கிடந்த ஓர் உறையை உருவி மேசைமேல் எறிந்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“தை மாசம் உன் பட்டத்துக்கும் இதே பீடத்துல ஓலை வாசிச்சேன். தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னேன். மறுநாளே இது வந்துச்சு. அனுப்புனவன் பேரு இல்ல. மேல என்ன எழுதியிருக்கு, பாரு.”

‘கஸ்பாரைப் பற்றி’ என்று எழுதியிருந்தது.

திருச்சியில் படித்த காலத்தில் நடந்த ஒன்று கஸ்பாருக்கு நினைவு வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் அழுது சொல்லி, மன்னிப்பும் பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. அது அத்தோடு முடிந்தது என்றுதான் நம்பியிருந்தார்.

“உள்ள என்ன எழுதியிருக்கு சாமி?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் பிரிக்கலையே.”

வெளியே மிக்கேலம்மாள் அழுகிற சத்தம் கேட்டது. சாமி தாளையும் உறையையும் சேர்த்துக் கஸ்பாரின் கையில் திணித்தார்.

“சாயந்தரம் ஜெபமாலைக்கு ஊர் கூடும். மாப்பிள்ளை வீட்டையும் வரச் சொல்றேன். ஒண்ணு, அந்தப் புள்ளையோட மூணாவது ஓலையை வாசி. இல்லையா, இது ரெண்டையும் சத்தமா வாசி. உன்னுதை முதல்ல வாசி.”