எட்டுப் பீரங்கிக் கப்பலும் ஒற்றைக்கை நண்டும்

அந்தக் காலத்தில், நண்டுக்கும் நாக்கு இருந்து, அது பேசினால் மனிதர்கள் நின்று கேட்ட அந்தக் காலத்தில், ஆறு கடலில் சேரும் ஒரு முகத்துவாரத்தில் சங்குமுத்து என்றொரு ஓடாவி இருந்தார். ஓடாவி என்றால் கப்பல் கட்டும் தச்சர். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அவர் கட்டிய தோணி எதுவும் கவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆண்டுதோறும் வாடைக்காற்று ஓய்ந்ததும் அந்தக் கரைக்குக் கடற்கொள்ளையர் வருவார்கள். உப்பை அள்ளுவார்கள், அகப்பட்ட ஆட்களையும் கட்டித் தூக்கிப் போவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஊர்த்தலைவர் சடையப்ப நயினார், சங்குமுத்துவிடம் சின்னதாக ஒரு போர்க்கப்பல் கட்டச் சொன்னார். நாற்பது முழ நீளம், இரண்டு பாய்மரம், ஆழமில்லாத கழியிலும் நுழைகிற தட்டையான அடி. அதுவரை இருவருக்கும் ஒரு தகராறும் இல்லை. பீரங்கி என்று வந்தபோதுதான் வம்பு வந்தது.

"நாலு போதும், நயினாரே," என்றார் சங்குமுத்து. "நாலையும் சக்கரம் வச்ச கட்டையில ஏத்திடுறேன். எதிரி எந்தப் பக்கம் வர்றானோ அந்தப் பக்கம் உருட்டிக்கலாம்."

"ரெண்டு பக்கமும் வந்தா?"

"அப்படி எங்க வரப்போறான்?"

"போன வருஷம் ரெண்டு பக்கமும்தான் வந்தான். என் மச்சானைத் தூக்கிட்டுப் போனான். பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. வையும்."

"எட்டு வச்சா மேல கனம் ஏறிப்போகும். கப்பல் குப்புற விழாம இருக்க அடியில கல்லை ரொப்பணும். அப்புறம் தண்ணிச் சால் ஆறையும் எங்க வைக்கிறது? முப்பது ஆளு ஏறுறாங்க. பீரங்கிக் குண்டையா குடிப்பாங்க?"

"ரெண்டு நாள்ல திரும்பப் போறவனுக்கு எதுக்கு ஆறு சால் தண்ணி? முடியாட்டிச் சொல்லிடும். வேற ஓடாவியைப் பார்த்துக்கிறேன்."

நயினார் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். பயந்தவரிடம் கணக்குப் பேசி யார் ஜெயித்தது? போதாக்குறைக்கு ஓடாவியின் தம்பி பத்திரன்தான் அந்தக் கப்பலுக்குத் தலைமைப் பீரங்கிக்காரன். "வச்சுக் குடுத்துடுங்கண்ணே," என்று அவனும் கெஞ்சினான். "எட்டு இருந்தா எவன் கிட்ட வருவான்?"

சங்குமுத்து எட்டுப் பீரங்கிகளையும் ஏற்றினார். ஆறு பெரிய தண்ணீர்ச் சால்களில் நான்கை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் தன் கையாலேயே கல்லை நிரப்பினார்.

கப்பல் நின்ற மேட்டுக்குக் கீழே, சேற்றில் வளை தோண்டி ஒரு நண்டும் அதன் பெண்டாட்டியும் இருந்தார்கள். அந்த நாளில் நண்டுகளுக்கு இரண்டு கையும் சின்னஞ்சிறியவை. அவற்றால் சேற்றை அள்ளி அள்ளித் தின்னும். நாரை வந்தால் ஓடி வளைக்குள் ஒளியும். ஓடத் தவறினால் நாரையின் வயிற்றுக்குள் போகும். பீரங்கிகள் ஏறுவதை நாலு நாளாகப் பார்த்த ஆண் நண்டு, ஓடாவியின் காலடிக்கு வந்தது.

"ஓடாவியாரே, எனக்கும் ரெண்டு கைக்கும் ஆயுதம் செஞ்சு குடும். நாரைத் தொல்லை தாங்கல."

"உனக்கு ஒண்ணு போதும்டா."

"கப்பலுக்கு மட்டும் ரெண்டு பக்கம், எனக்கு ஒரு பக்கமா?"

அன்றைக்கு "போதும் போதும்" என்று சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தார் ஓடாவி. எப்படியோ போ என்று, கழித்துப்போட்ட மரத்தில் தன் குறடு மாதிரியே இரண்டு பெரிய கொடுக்குகளைச் செதுக்கினார். கப்பலுக்குப் பூசி மிச்சமிருந்த செங்காவியை அவற்றுக்கும் பூசி, நண்டின் இரண்டு கைகளிலும் உறைபோல மாட்டிவிட்டார்.

"உனக்கு வேணுமா?" என்று பெண் நண்டைக் கேட்டார்.

"எனக்கு எதுக்கு? தின்னக் கை ரெண்டு இருக்கு, அது போதும்," என்றது அது.

மறுநாள் காலை கடல்நீர் ஏறியதும் கப்பல் பாய் விரித்துப் போனது. பத்திரன் பீரங்கிமேல் ஒரு காலை வைத்து நின்று அண்ணனுக்குக் கையசைத்தான்.

இரண்டு நாள் போயிற்று. கப்பல் வரவில்லை. மூன்றாம் நாள் காற்று அடியோடு விழுந்தது. கடல் எண்ணெய்போலக் கிடந்தது. சங்குமுத்து கரையைவிட்டு நகரவில்லை. இரண்டு சால் தண்ணீரை முப்பது பேருக்குப் பங்கிட்டுப் பங்கிட்டுப் பார்த்தார். எப்படிப் பங்கிட்டாலும் நான்காம் நாளைத் தாண்டவில்லை.

நண்டின் பாடும் அதேதான். இரண்டு கொடுக்கையும் கண்டு நாரை கிட்ட வரவில்லை, ஆனால் அந்தக் கனத்தைத் தூக்கி வாயருகே கொண்டுபோக முடியவில்லை. பெண்டாட்டி ஊட்டிய அரைவயிற்றில் உயிர் ஓடியது.

"கைக்கெட்டினது வாய்க்கெட்டலைன்னு சொல்லுவாங்க. எனக்குக் கையே வாய்க்கெட்டல. ஒண்ணைக் கழட்டிவிடும், ஓடாவியாரே."

"கப்பல் வரட்டும்," என்றார் அவர், கடலைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

ஒன்பதாம் நாள் காற்று எழுந்தது, கப்பலும் வந்தது. கொள்ளையரின் இரண்டு கப்பல்களும் மூழ்கிவிட்டன என்று சொன்னார்கள். இரண்டாம் நாள் மாலை வெற்றி; மறுநாளிலிருந்து ஆறு நாள் காற்றில்லை. முப்பது பேர் போனதில் பத்தொன்பது பேர் நடந்து இறங்கினார்கள். பத்திரனையும் சேர்த்துப் பதினொரு பேரைப் பிணமாகத் தூக்கி இறக்கினார்கள். அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. உதடுதான் வெடித்திருந்தது.

சங்குமுத்து கப்பலில் ஏறினார். இடப்பக்கத்துப் பீரங்கிகளின் வாயில் கைவிட்டுப் பார்த்தார். கை முழுக்கக் கரி. வலப்பக்கத்து நான்கிலும் விட்டார். அவர் பூசிய எண்ணெய் அப்படியே இருந்தது. அந்த நான்கும் ஒரு முறைகூட வெடிக்கவில்லை.

"நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றார் பின்னால் வந்து நின்ற நயினார்.

"சொன்னது நீரு. கல்லை ரொப்பின கை என்னுது." நீள வாய்க்கார ஓடாவி ஊரறிய உட்கார்ந்து அழுதார்.

பிறகு சேற்றில் இறங்கினார். நண்டின் ஒரு கொடுக்கை உளியால் நெம்பிக் கழற்றினார். உள்ளே இருந்த சின்னக் கை வெளியே வந்ததும், அது செய்த முதல் வேலை, ஒரு பிடி சேற்றை அள்ளி வாயில் போட்டதுதான். அதைப் பார்த்து மற்ற ஆண் நண்டுகளும் வந்தன. சிலதுக்கு இடக்கையில், சிலதுக்கு வலக்கையில், ஆளுக்கு ஒன்றே ஒன்று மாட்டிவிட்டார்.

"இதுக்கு நாங்க உமக்கு என்ன செய்யணும்?" என்றது முதல் நண்டு.

"கடலுக்குப் போறவனைக் கண்டா அந்தக் கையைத் தூக்கிக் காட்டு. ஒண்ணு போதும்னு சொல்லு. நான் சொல்லி யாரும் கேக்கல."

அன்று முதல்தான், கழிமுகத்துச் சேற்றில் ஆண் நண்டுக்கு ஒரு கை பெருத்தும் ஒரு கை சிறுத்தும் இருக்கிறது. நீர் வற்றியதும் அது வளைக்கு வெளியே வந்து, சிறிய கையால் தின்றுகொண்டே, பெரிய கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறது.