பொன்ராணியின் நாற்காலி

ரெமிஜியுஸைச் சீடன் என்று சொன்னால் ஆபீஸே சிரிக்கும். குருவைவிட மூத்தவன். தலை நரைத்த பிறகு புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவன். கற்றுக்கொடுத்தவள் ஹமீதா டீச்சர். கல்லூரி வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனி நடத்திவந்தாள்.

அங்கே செய்தது ஒரே பொருள்தான். மீன்பிடிப் படகில் மாட்டும் பெட்டி. கரையிலிருந்து புயல் எச்சரிக்கை அனுப்பினால் அது நடுக்கடலில் ஊளையிடும்.

ரெமி எழுதுவான். எழுதியதைப் பொன்ராணி பக்கம் தள்ளிவிட்டு டீக்குப் போவான்.

"பொன்ராணி பாத்துக்கிடுவா."

அவள்தான் டெஸ்டர். பொழுது சாய்வதற்குள் நாலு தப்போடு பெட்டி திரும்பி வரும்.

பொன்ராணி பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். புயல் காலம் நெருங்கியது. ரெமியின் தம்பி லூர்து அந்தப் பெட்டியை நம்பித்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"டீச்சர், டெஸ்டிங்குக்கு ஒரு ஆளப் போடுங்க. இல்லன்னா இப்ப எழுதின இந்தப் புது புரோகிராமை நான் வெளிய விட மாட்டேன்."

"பொன்ராணி என்ன செய்வா?"

"தப்பக் கண்டுபிடிப்பா."

"எப்படி?"

ரெமிக்குத் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள். அவள் செய்வதை அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"நாற்காலி சும்மாத்தானே கிடக்கு. போய் உக்காருங்க."

உட்கார்ந்தான். எச்சரிக்கை அனுப்பினான். பெட்டி ஊளையிட்டது. எத்தனை தடவை அனுப்பினாலும் ஊளையிட்டது.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர்."

"நீங்க தட்டினா சரியாத்தான் இருக்கும். எங்க தட்டணும்னு உங்களுக்குத் தெரியுமே."

டீச்சர் பொன்ராணியின் இழுப்பறையைத் திறந்தாள். வலை இழுப்பவர்கள் மாட்டும் ஒரு ரப்பர் கையுறை, ஒரு அழுக்குத் துண்டு, சாகக் கிடக்கிற பாட்டரிகள் நாலைந்து. ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டாள். துண்டை அதன்மேல் போர்த்தினாள்.

"உங்க தம்பி வலையைப் போட்டுட்டு அசந்து தூங்குதாரு. சார்ஜ் போட மறந்துட்டாரு. இப்போ புயல்னு சொல்லுங்க."

ரெமி அனுப்பினான். பெட்டி மூச்சுவிடவில்லை.

துண்டை விலக்கினான். திரையில் பணிவாக ஒரு வரி: 'பாட்டரி குறைவாக உள்ளது. சரி என்று அழுத்தவும்.' அதை எழுதியது அவன்தான். யாராவது எழுந்து அழுத்துகிற வரைக்கும் புயல் அந்த வரிக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு அவன் டீக்குப் போகவில்லை.

பிறகு எதை எழுதுவதானாலும் முதலில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மற்றவர்களுக்கும் அதுவே வழக்கமாயிற்று. எழுதினவன் கையுறையை மாட்டிப் பெட்டியைத் தட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

புயல் வந்தது. நடுப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. எச்சரிக்கை போனது. ஆபீஸ் திரையில் படகுகள் புள்ளி புள்ளியாகக் கரையைப் பார்த்துத் திரும்பின. லூர்தின் புள்ளி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ரெமி சிலுவை போட்டுக்கொண்டான்.

புள்ளி அசைந்தது.

கரையேறியதும் லூர்து போன் செய்தான். "என்ன பெட்டிண்ணே அது? பாட்டரி செத்துக்கிட்டே கத்துது. நம்ம மைனிகூட உங்ககிட்ட இப்படிக் கத்தினதில்ல."

"எல்லாரும் வந்தாச்சா?"

"ஒருத்தர் பாக்கியில்லாம வந்தாச்சு."

யாரோ விசிலடித்தார்கள். டீச்சர் எல்லாருக்கும் இனிப்பாக மக்ரூன் வாங்கிவரச் சொன்னாள். ரெமி சாப்பிட்டுக்கொண்டே அழுதான், சிரித்துக்கொண்டே துடைத்தான்.

தை பிறந்து பொன்ராணி வேலைக்குத் திரும்பியபோது அவள் நாற்காலியில் ரெமி உட்கார்ந்திருந்தான்.

"நீ இல்லாமலே ஒரு புயலைத் தாண்டிட்டோம், தெரியுமா?"

"கேள்விப்பட்டேன். மொத எந்திரிங்க."

ரெமி டீச்சர் பக்கம் திரும்பினான். "ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. இனி டெஸ்டர் வேணுமா, வேண்டாமா?"

பொன்ராணியும் டீச்சரைப் பார்த்தாள்.

"அதுல உக்காந்தப்போ நீங்க யாரா உக்காந்தீங்க?"

"லூர்தா."

"லூர்து வந்துட்டாரு. கடல்ல உங்க தம்பி மட்டுமா இருக்காரு? மத்தவங்களா யாரு உக்காருவா?"

ரெமி எழுந்தான். தன் நாற்காலியை இழுத்துவந்து பொன்ராணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டான்.